வீட்ல மால்ட் விஸ்கி: ருசி எங்க உருவாகுது, ஸ்டில் என்ன பண்ணுது

நியூசிலாந்துல 1996ல வந்த கஸ்டம்ஸ் அண்ட் எக்சைஸ் சட்டம் ஒரு பெரிய விஷயத்த சத்தமில்லாம பண்ணிருச்சு, அதாவது சொந்த உபயோகத்துக்கு வீட்லயே ஸ்பிரிட், அதாவது வடிச்செடுக்குற மது, காய்ச்சிக்கலாம், ஆனா விக்கக் கூடாதுன்னு. 2018ல அந்த சட்டத்த மொத்தமா மாத்தி எழுதினப்பவும் இந்த உரிமையில கை வைக்கல. அதனால இங்க பீர் காய்ச்சுற சாமான் விக்கிற கடைக்குப் போனா ஈஸ்ட், மால்ட் (முளைகட்டி காயவச்ச பார்லி), பாட்டில் மூடி இருக்குற அதே அலமாரிக்கு பக்கத்துலயே ஸ்டில்லும் (காய்ச்சி வடிக்கிற பாத்திரம்) விலைச்சீட்டோட நிக்கும், யாரும் ஒளிச்சு வச்சு விக்கிறதில்ல.

இதுல புதுசா இறங்குறவங்க பெரும்பாலும் முதல் காச போடுறது அந்த ஸ்டில்லுலதான். பளபளன்னு செம்பு, உயரமான காலம் (column, தூண் மாதிரி நிக்கிற குழாய்), டிஜிட்டல் தெர்மாமீட்டர்னு ஆரம்பத்துலயே பெரிய தொகை போயிரும். என் அபிப்ராயம் என்னன்னா, ஸ்காட்ச் மாதிரி ஒரு மால்ட் விஸ்கி வேணும்னா அதோட ருசியில பெரும்பங்கு ஸ்டில்லுக்கு முன்னாடி ஊறல்லயும், ஸ்டில்லுக்குப் பின்னாடி ஓக் மரத்துலயும்தான் உருவாகுது. நடுவுல ஸ்டில் பண்றது பெரும்பாலும் பிரிக்கிற வேலை. ஊறல்ல இல்லாத ருசிய எவ்வளவு விலை குடுத்து வாங்குன ஸ்டில்லும் கொண்டுவராது.

முதல்ல சட்டத்த தெளிவா சொல்லிடறேன், ஏன்னா இத படிச்சிட்டு ஊர்ல யாரும் முயற்சி பண்ணிறக் கூடாது. தமிழ்நாட்ல 1937ம் வருஷத்து மதுவிலக்கு சட்டப்படி வீட்ல காய்ச்சுறது குற்றம், ஒரு லிட்டரா இருந்தாலும் குற்றம்தான். இலங்கையிலயும் லைசென்ஸ் இல்லாம காய்ச்ச முடியாது. அமெரிக்காவுல 1978ல ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம் வீட்டு பீருக்கு வழி விட்டுச்சு, ஸ்பிரிட்டுக்கு விடல. ஸ்காட்லாந்துலயும் வரித்துறை அனுமதி வேணும், முன்னாடி 1800 லிட்டருக்கு கம்மியான ஸ்டில்லுன்னா லைசென்ஸ் தரமாட்டேன்னு சொல்லக் கூட பிரிட்டிஷ் வரித்துறைக்கு அதிகாரம் இருந்துச்சு.

ஆனா மால்ட் விஸ்கி பொறந்ததே வீட்லதான். 1494ல ஸ்காட்லாந்து அரசோட கணக்குப் புத்தகத்துல, ஃப்ரையர் ஜான் கோர்ங்கிற துறவிக்கு அக்வா விட்டே (வடிச்ச மதுவுக்கு அப்ப இருந்த லத்தீன் பேர்) செய்ய 8 போல் மால்ட் குடுத்ததா ஒரு வரி இருக்கு, போல்ங்கிறது அந்தக் காலத்து தானிய அளவு. அதுக்கப்புறம் ரொம்ப காலம் ஹைலேண்ட்ஸ்ங்கிற ஸ்காட்லாந்து மலைப்பகுதிப் பண்ணைகள்ல அறுவடை முடிஞ்சு மிஞ்சின பார்லிய குளிர்காலத்துல காய்ச்சி வச்சிக்கிறது சாதாரண குடும்ப வேலையாத்தான் இருந்துச்சு, கழிவு மாட்டுக்குத் தீவனம், சரக்குல ஒரு பங்கு நிலவாடகை. 1781ல தனியார் காய்ச்சுறத தடை பண்ணினாங்க, பண்ணினதும் அது நிக்கல, மலைப்பக்கம் ஒளிஞ்சுக்கிச்சு. 1823ல லைசென்ஸ் கட்டணத்தயும் வரியையும் குறைச்சதுக்கு அப்புறம்தான் ஒவ்வொருத்தரா சட்டத்துக்குள்ள வந்தாங்க, அதுல முன்னாடி வந்தவர்ல ஒருத்தர் க்ளென்லிவெட்டோட ஜார்ஜ் ஸ்மித், 1824ல. சட்டத்துக்குள்ள வந்தார்னு பக்கத்து கள்ளக் காய்ச்சலாளிங்க அவர மிரட்ட, அவர் ரெண்டு பிஸ்டல் கூடவே வச்சிருந்தாருன்னு சொல்வாங்க.

ஹைலேண்ட்ஸ்லேர்ந்து கப்பலேறின ஜனங்களோட இந்தப் பழக்கம் நியூசிலாந்தோட தெற்குக் கோடிக்கும் வந்துச்சு. சவுத்லேண்ட் மாகாணத்துல ஹோகோனுய் மலையடிவாரம், 1872ல வந்து இறங்கின மேரி மெக்ரேங்கிற விதவைத் தாயோட குடும்பம், அவங்க காய்ச்சின ஹோகோனுய் சரக்குன்னு கதைகதையா பேசுவாங்க. கோர்ங்கிற ஊர்ல இதுக்குன்னே ஒரு மியூசியம் இருக்கு. ஒரு காலத்துல போலீஸ் தேடித்தேடி உடைச்ச அந்த ஸ்டில்லுங்களுக்கு இன்னைக்கு கண்ணாடிப் பெட்டிக்குள்ள இடம், எனக்கு அத நினைச்சா சந்தோஷமாத்தான் இருக்கு.

இப்ப மெத்தனாலுக்கு வருவோம். நம்ம ஆளுங்ககிட்ட வீட்ல காய்ச்சுறதுன்னு வாயெடுத்தாலே அவங்க மனசுல வர்றது கள்ளக்குறிச்சி. 2024 ஜூன்ல கருணாபுரத்துலயும் சுத்துவட்டாரத்துலயும் 60 பேருக்கு மேல செத்துப்போனாங்க. அதுக்கு முந்தின வருஷம் மே மாசம் மரக்காணம் பக்கமும் செங்கல்பட்டு பக்கமும் அதே மாதிரி சாவு. அந்த பயம் நியாயமான பயம்தான். ஆனா அந்த விஷம் ஊறல்லேர்ந்து வந்தது இல்ல, தொழிற்சாலைக்குன்னு இருக்குற மெத்தனால எடுத்து கலந்து பாக்கெட்ல வித்திருக்காங்க, வாங்கி குடிச்சவங்க கூலி வேலைக்குப் போற ஏழைங்க. பேராசைக்காரன் பண்ணின கொலை அது, தப்பா காய்ச்சினதால வந்த விபத்துன்னு அத சொல்றது செத்தவங்களுக்கே பண்ற அநியாயம்.

ஊறல்ல மெத்தனால் இயற்கையா வர்றது பெக்டின்ங்கிற தாவரச் சத்துலேர்ந்து, அது பழங்கள்ல அதிகம், பார்லியில ரொம்ப ரொம்ப கம்மி. ஸ்டில் புதுசா மெத்தனால் உண்டாக்காது, உள்ள இருக்குறதத்தான் வெளிய தள்ளும். இன்னொரு நம்பிக்கை, மெத்தனால் 64.7 டிகிரியில கொதிக்கும், எத்தனால் 78ல கொதிக்கும், அதனால முதல்ல வர்றத கொட்டிட்டா மெத்தனால் போயிருச்சுன்னு. கலவைல அப்படி நடக்காது. 8 சதவீத ஊறல் கொதிக்க ஆரம்பிக்கிறதே கிட்டத்தட்ட 93 டிகிரியில, தண்ணியும் ஆல்கஹாலும் சேர்ந்து இருக்குறப்ப மெத்தனால் கொஞ்சம் கொஞ்சமா கடைசி வரைக்கும் வந்துகிட்டே இருக்கும். அதனால யாராவது மெத்தனால் கலந்த சரக்க குடுத்து திரும்ப வடிச்சு சுத்தம் பண்ணிக்கலாம்னு சொன்னா நம்பவே கூடாது, அது நடக்காத காரியம். முதல்ல வர்றத கொட்டுறோம், சந்தேகமில்ல, ஆனா அது அசிட்டால்டிஹைடு, எத்தில் அசிடேட் மாதிரி நாத்தத்துக்காகவும் தலைவலிக்காகவும்.

வீட்ல நெசமான ஆபத்து தீ. ஆவிய குளிரவச்சு திரவமாக்குற கண்டென்சருக்கு தண்ணி நின்னுபோனா ஆவி குளிராம அப்படியே ரூமுக்குள்ள வரும், பக்கத்துல காஸ் அடுப்பு எரிஞ்சுகிட்டு இருந்தா முடிஞ்சது. அதனால காத்தோட்டமான இடம், முடிஞ்சா எலெக்ட்ரிக் சூடு, ஸ்டில்ல எங்கயும் முழுசா அடைச்சு மூடாம ஆவி போக வழி, ஓடுறப்ப ஆள் நகராம கூடவே இருக்குறது. பழைய கார் ரேடியேட்டர கண்டென்சரா மாட்டுறது கள்ளச்சாராயத்துல இருந்த பழக்கம், அதுல இருக்குற ஈயப் பத்தவைப்பு சரக்குல கரைஞ்சு உடம்புல தங்கும். சூடான ஸ்பிரிட் படுற இடத்துல பிளாஸ்டிக் குழாயும் கூடாது.

சரி, ஊறல். ஸ்காட்ச் மால்ட்டுக்கு சாமான் மூணுதான், மால்ட் பண்ணின பார்லி, தண்ணி, ஈஸ்ட். சர்க்கரை கிடையாது, வெளிய வாங்கின என்சைம் கிடையாது. வீட்ல யாரும் பார்லிய தானே முளைகட்டி காயவைக்க வேண்டியதில்ல, நான் இருக்குற கேண்டர்பரியில டன்சாண்டல்ங்கிற ஊர்ல கிளாட்ஃபீல்டுன்னு ஒரு மால்ட் கம்பெனி, அவங்க மானுக்கா விறகுப் புகைல காட்டின மால்ட் கூட விக்கிறாங்க. ஐலா தீவு விஸ்கி மாதிரி கரி வாசனை வேணும்னா ஸ்காட்லாந்துலேர்ந்து வர்ற பீட் மால்ட் (சதுப்பு நிலத்துக் கரியோட புகைல காயவச்சது) வாங்கலாம், அந்தப் புகை அளவ பிபிஎம்னு சொல்வாங்க, ஐலாவுல இருக்குற ஆர்ட்பெக் டிஸ்டிலரி பயன்படுத்துற மால்ட் சுமார் 55. இதுலயும் பாருங்க, புகை மால்ட்லயே வந்துருச்சு, ஸ்டில் அத உண்டாக்குறதில்ல.

25 லிட்டர் ஊறலுக்கு 7 கிலோ மால்ட் கொரகொரப்பா உடைச்சது. மாவா அரைச்சுறக் கூடாது, உமி முழுசா இருந்தாத்தான் வடிகட்ட வரும். சூடான தண்ணில கலந்து 65 டிகிரிக்கு பக்கத்துல ஒரு மணி நேரத்துலேர்ந்து ஒன்றரை மணி நேரம் மூடி வச்சா பார்லியிலயே இருக்குற அமைலேஸ் என்சைம் மாவுச்சத்த சர்க்கரையா உடைச்சிரும். ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் தட்டுல வச்சு அயோடின் விட்டுப் பாக்கலாம், கருநீலமாச்சுன்னா மாவு இன்னும் பாக்கி, நிறம் மாறலைன்னா வேலை முடிஞ்சது. 72, 75 டிகிரின்னு சூடு ஏறிருச்சுன்னா அந்த என்சைம்ல ஒரு வகையான பீட்டா அமைலேஸ் செத்து, ஈஸ்ட் சாப்பிட முடியாத சர்க்கரை மிஞ்சிரும்.

இங்கதான் பீர் காய்ச்சி பழகினவங்க வழக்கமா ஒண்ணு பண்ணுவாங்க, வடிகட்டின வோர்ட்ட, அதாவது அந்த இனிப்புத் தண்ணிய, கொதிக்க வச்சிருவாங்க. பீருக்கு ஹாப்ஸ் போடணும், கிருமி சாகணும், அதனால அது அவசியம். விஸ்கிக்கு கொதிக்கவே வைக்கக் கூடாது. கொதிக்க வைக்கலைன்னா என்சைம் உயிரோட இருக்கும், ஈஸ்ட் சாப்பிட சாப்பிட அது பக்கத்துலயே இருந்து மிச்ச டெக்ஸ்ட்ரின (பாதி உடைஞ்ச மாவுச்சத்த) உடைச்சுக் குடுத்துகிட்டே இருக்கும். அதனாலதான் பீரோட அடர்த்தி (தண்ணி 1.000ன்னு வச்சா) 1.010 பக்கத்துல நின்னுபோற இடத்துல விஸ்கி ஊறல் 1.000க்கும் கீழ இறங்கும். ரெண்டாவது லாபம் அதவிட பெருசு, லாக்டிக் பாக்டீரியாவும் உயிரோட உள்ள வரும். இட்லி மாவ புளிக்க வைக்கிறதும் அந்த வகை பாக்டீரியாதான். ஈஸ்ட் முதல் ரெண்டு நாள்ல தன் வேலைய முடிச்சு அடங்கினதும் இந்த பாக்டீரியா எழுந்து வரும், அது விடுற அமிலம் ஆல்கஹாலோட சேர்ந்து எஸ்டர் ஆகும், எஸ்டர்னா ஆப்பிள், பேரிக்காய், அன்னாசி வாசனை. ஸ்காட்லாந்துலயே 48 மணி நேரத்துல ஊறல முடிக்கிற டிஸ்டிலரியோட சரக்கு கொட்டைப்பருப்பு வாசனைப் பக்கம் போகும், 80, 100 மணி நேரம் விடுறவங்களோடது பழ வாசனைப் பக்கம் வரும். வோர்ட் கலங்கலா உள்ள போனா பருப்பு வாசனை, தெளிவா போனா பழம், பச்சைப்புல். இவ்வளவும் அடுப்பே பத்தவைக்காத கட்டத்துல முடிவாகுற விஷயம்!

அதனால நான் சொல்றது, ஊறல நாலஞ்சு நாள் விடுங்க. ஈஸ்ட் விஷயத்துல டர்போ ஈஸ்ட்னு பாக்கெட்ல வர்றத தொடாதீங்க, அது வெறும் சர்க்கரைத் தண்ணிய அவசரமா ஏத்துறதுக்குன்னு பண்ணினது, மால்ட்டுக்கு லாயக்கில்ல. விஸ்கிக்குன்னு விக்கிற டிஸ்டிலர்ஸ் ஈஸ்ட், இல்ல ஏல் பீர் ஈஸ்ட், ரெண்டையும் கலந்தும் போடலாம், முன்னாடி ஸ்காட்லாந்து டிஸ்டிலரிகள்ல பீர் கம்பெனிலேர்ந்து வர்ற ஈஸ்டையும் கலந்துதான் போட்டாங்க.

ஸ்டில்லுக்கு இப்ப வந்தா அதுகிட்ட என்ன எதிர்பாக்கணும்னு தெளிவாயிரும். மால்ட் ஸ்காட்ச்சுக்கு பாட் ஸ்டில்தான், அதாவது பானை மாதிரி இருக்குறது, அதுவும் செம்பு. கடைல விக்கிற உயரமான ரிஃப்ளக்ஸ் காலம் 90 சதவீதத்துக்கு மேல ஏத்திக் குடுக்கும், அது வோட்கா ஜின்னுக்கு அருமை, ஆனா அஞ்சு நாள் காத்திருந்து ஊறல்ல சேர்த்த வாசனை அத்தனையும் அதுல வழிச்சு எடுத்தாச்சு. செம்பு மட்டும் நெசமாவே ஒரு வேலை பண்ணுது, பார்லி ஊறல்ல வர்ற கந்தகச் சேர்மங்கள், அழுகின முட்டைகோஸ், வேகவச்ச மாமிச வாடை, அத ஆவியிலேர்ந்து பிடிச்சு வச்சுக்கும், அதனாலதான் ஓட்டம் முடிஞ்சு திறந்து பாத்தா உள்பக்கம் கறுத்துப் போயிருக்கும். ஸ்டெயின்லெஸ் பாத்திரமா இருந்தாலும் மேல் கழுத்தும் குழாயும் செம்பா இருந்தா போதும். உருவத்துக்கும் பங்கு உண்டு, க்ளென்மோராஞ்சியோட ஸ்டில் கழுத்து 5 மீட்டருக்கு மேல, அதனால சரக்கு லேசு, மக்காலன்ல குட்டையான சின்ன ஸ்டில், சரக்கு கனம். வீட்ல அந்த வித்தியாசத்த சூட்ட கூட்டிக் குறைச்சே ஓரளவு கொண்டுவரலாம், மெதுவா ஓட்டினா லேசு, வேகமா ஓட்டினா கனம்.

ரெண்டு தடவ வடிக்கணும். முதல் ஓட்டம் ஊறல வேகமா வடிச்சு லோ வைன்ஸ் எடுக்கிறது, 25 லிட்டர் ஊறல்லேர்ந்து 25, 28 சதவீதத்துல ஒரு 6, 7 லிட்டர் வரும். இப்படி மூணு ஊறலோட லோ வைன்ஸ சேர்த்தா சுமார் 20 லிட்டர், அத ஒரே ஓட்டமா மெதுவா வடிக்கிறதுதான் ஸ்பிரிட் ரன். வர்ற முதல் 150 மில்லிய கொட்டிட்டு, மிச்சத்த 300 மில்லி ஜாம் ஜாடியில ஒவ்வொண்ணா பிடிச்சு நம்பர் எழுதி வரிசையா வைப்பாங்க, 30 ஜாடி கிட்ட ஆகும். மேல காப்பி ஃபில்டர் பேப்பர் போட்டு ராத்திரி முழுக்க மூச்சு விட வச்சிட்டு மறுநாள் காலைல, நாக்கும் மூக்கும் தெளிவா இருக்குறப்ப, ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்பூன் எடுத்து சரிக்கு சரி தண்ணி கலந்து பாக்கணும். 1, 2, 3ல நெயில்பாலிஷ் அழிக்கிற திரவத்தோட வாடை மூக்குல குத்தும். அது தேஞ்சு 5வது ஜாடி பக்கம் பழம் வரும், அப்புறம் பிஸ்கட், தானியம், தேன், நடுவுல ஒரு இடத்துல ரொம்ப சுத்தமா இனிப்பா இருக்கும். 20 தாண்டினா நனைஞ்ச அட்டைப்பெட்டி, நனைஞ்ச நாய், தண்ணி ஊத்தினா பால் மாதிரி கலங்கும். இந்த வேலைல அவசரமே கூடாது, இதுதான் இந்த ஹாபியோட உயிர்.

எந்த ஜாடிலேர்ந்து எந்த ஜாடி வரைக்கும் வச்சுக்கிறதுன்னு முடிவு பண்றததான் வெட்டுறதுன்னு சொல்வாங்க, கஷ்டமான முடிவு கடைசிப் பக்கத்துல. நனைஞ்ச அட்டை வாடை வர்றதுக்கு முன்னாடி இருக்குற ரெண்டு மூணு ஜாடி காய்ச்சின அன்னைக்கு அவ்வளவு நல்லா இருக்காது, ஆனா மரத்துல வருஷக்கணக்கா இருந்தா விஸ்கிக்கு கனத்தையும் தோல், புகையிலை வாசனையையும் குடுக்குறது அதுதான், பீட் மால்ட்டா இருந்தா புகை வாசனையே பின்னாடிதான் அதிகமா வரும். சீக்கிரம் குடிக்கப் போறவங்க சீக்கிரம் வெட்டணும், வருஷக்கணக்கா வைக்கப் போறவங்க கொஞ்சம் தள்ளி வெட்டலாம். வெட்டி ஒதுக்கின முன்னும் பின்னும் வீணில்ல, ஃபெயின்ட்ஸ்னு சேர்த்து வச்சு அடுத்த ஸ்பிரிட் ரன்ல கலந்துருவாங்க, எல்லா ஸ்காட்ச் டிஸ்டிலரியிலயும் இதான் நடைமுறை. அங்க ஸ்பிரிட் சேஃப்னு பூட்டின பித்தளைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள சரக்கு ஓடும், காய்ச்சுறவர் அத நாக்குல வச்சுப் பாக்க முடியாது, தண்ணி கலந்து 45.7 சதவீதத்துக்கு இறக்கி கலங்கலா தெளிவான்னு கண்ணால பாத்துத்தான் முன்பக்கம் வெட்டுவார். வீட்ல ஜாடி ஜாடியா மோந்து பாக்குற சுகம் அவருக்குக் கூட கிடையாது.

கணக்கா சொன்னா 21 கிலோ மால்ட், மூணு ஊறல், நாலு ஓட்டம், கடைசில 63 சதவீதத்துல ஒரு 5 லிட்டர் கையில நிக்கும். ஸ்காட்லாந்துல ஒரு டன் மால்ட்டுக்கு சுமார் 410 லிட்டர் சுத்த ஆல்கஹால் எடுப்பாங்க, அந்தக் கணக்குல 21 கிலோவுக்கு சுமார் எட்டரை லிட்டர் சுத்தமா வரணும், வீட்ல கிடைக்கிறது 3 லிட்டருக்கு கொஞ்சம் மேல. இந்த 5 லிட்டருக்குப் போற உழைப்ப பாத்தாலே தெரியும், காசு மிச்சம் பிடிக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு இது வழியில்ல.

அப்புறம் மரம். ஸ்காட்ச்னு பேர் வைக்கணும்னா 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாய்ல ஸ்காட்லாந்து மண்ணுல குறைஞ்சது 3 வருஷம் இருக்கணும், பாட்டில்ல 40 சதவீதத்துக்கு குறையக் கூடாது, தண்ணியும் கேரமல் நிறமும் தவிர எதுவும் சேர்க்கக் கூடாது. பெரும்பாலான பீப்பாய் அமெரிக்காவுல போர்பன்ங்கிற அவங்க ஊர் விஸ்கி வச்சிருந்த 200 லிட்டர் பீப்பாய், போர்பனுக்கு புது மரம் கட்டாயம்ங்கிறதால பழசு இவங்களுக்கு மலிவா கிடைக்குது. அந்த மரம் ஏற்கெனவே முரட்டுத்தனத்த போர்பன்ல விட்டுட்டு வந்திருக்கும், மிச்சம் வனிலாவும் தேங்காயும் மெதுவா இறங்கும்.

வீட்ல 5 லிட்டர் குட்டி பீப்பாய் பாக்க அழகா இருக்கும், பரிசா குடுக்க நல்லா இருக்கும், விஸ்கிக்கு அது நல்லதில்ல. 200 லிட்டர் பீப்பாய்ல லிட்டருக்கு சுமார் 100 சதுர சென்டிமீட்டர் மரம் படும், 5 லிட்டர்ல அது மூணரை மடங்கு. ரெண்டு மூணு மாசத்துல நிறமும் கசப்பும் ஏறிரும், ஆனா ஆக்சிஜன் மெதுவா உள்ள வந்து கரடுமுரட தணிக்கிற வேலைக்கு வருஷங்கள் வேணும், அதுக்கு முன்னாடியே மரம் ஜெயிச்சிரும். ஆவியாகிப் போறதும் அதிகம். ஸ்காட்லாந்துல வருஷத்துக்கு சுமார் 2 சதவீதம் போகுது, பெங்களூருல அம்ருத் டிஸ்டிலரியில 10, 12 சதவீதம் வரைக்கும் போகும்னு அவங்களே சொல்வாங்க, அதனாலதான் அவங்க நாலஞ்சு வருஷத்துலயே முதிர்ந்த சரக்க 2004ல க்ளாஸ்கோவுக்கே கொண்டுபோய் விக்க முடிஞ்சுச்சு. மரம், சூடு, நேரம் மூணையும் சேர்த்துதான் பாக்கணும், வருஷத்த மட்டும் எண்ணிப் பிரயோஜனமில்ல.

வீட்டுக்கு நான் சிபாரிசு பண்றது கண்ணாடி ஜாடியும் ஓக் குச்சியும். பழைய போர்பன் பீப்பாய் பலகை கிடைச்சா அத அறுத்து, இல்ல புது ஓக்க ஓவன்ல 200 டிகிரியில ரெண்டு மணி நேரம் வாட்டி வெளிப்பக்கத்த லேசா கருக்கி, லிட்டருக்கு அந்த 100 சதுர சென்டிமீட்டர் கணக்குல அளந்து போடணும். புது ஓக்னா பாதி போட்டாலே போதும். ஜாடிய முழுசா நிரப்பாம கொஞ்சம் இடம் விட்டு, வாரம் ஒருக்கா திறந்து மூடினா காத்து மாறும். மரம் போதும்னு நாக்கு சொன்ன அன்னைக்கு குச்சிய எடுத்துட்டு சரக்க மட்டும் இன்னும் ஒரு வருஷமோ ரெண்டோ விடலாம், பீப்பாய்ல இந்த வசதி இல்ல. அந்தக் குச்சிய தூக்கிப் போடாதீங்க, ரெண்டாவது தடவதான் அது நெசமா ஸ்காட்ச் மரம் மாதிரி வேலை செய்யும். பாட்டில்ல அடைக்கிறப்ப நல்ல தண்ணிய சில நாளா கொஞ்சம் கொஞ்சமா சேர்த்து 46 சதவீதத்துல நிறுத்துங்க, அதுக்கும் கீழ போனா குளிர்ல கலங்கும், கம்பெனிக்காரங்க அதுக்காகத்தான் குளிரவச்சு வடிகட்டுறாங்க, வடிகட்டினா கலங்கலோட கூட கொஞ்சம் ருசியும் போயிருது.